மரமாக நின்ற ரவூப் நானா

காலையில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தபோது ரவூப் நானாவின் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுங்கோ நானா, பின்னேரம் வாறீங்கள்தானே?" என்றுதான் தொடங்கினேன். அன்று வியாழக்கிழமை. வியாழன் பின்னேரங்களில் கிண்ணியாவிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். மறுபக்கம் பேசியது அவருடைய மகன். "மாமி, வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனம். எழும்பல்ல," என்றார்.

அடுப்பை நிறுத்திவிட்டு முன்பக்கம் போய் என் கணவர் தர்மலிங்கத்திடம் சொன்னேன். அவர் கதிரையைப் பிடித்து எழும்பினார். பிறகு, "வெள்ளைச் சேட்டை எடும். பொல்லையும் எடும். நானும் வாறன்," என்றார்.

கிண்ணியாவில் அந்த ஒழுங்கை முழுக்கச் சனம். ஓட்டோ உள்ளே போக முடியவில்லை. ஒழுங்கை வாயிலிலிருந்து வீட்டுவாசல் வரை இவர் பொல்லை ஊன்றிக்கொண்டு தானாகவே நடந்தார். நான் கையை நீட்டியபோது, "விடும்," என்றார். வாசலில் நின்ற, நானும் நானாவும் வேலைசெய்த கந்தோரின் பழைய ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "புவனாக்கா, அப்ப அந்த மரக்கதை உண்மைதானோ?" என்று கேட்டார்கள். செத்த வீடென்றும் பாராமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாரித்தால், நானா ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறார். ஒருவருக்குச் சொன்ன கதையில் மரத்தைத் தானே விதை போட்டு முளைப்பித்திருக்கிறார். இன்னொருவருக்குச் சொன்னதில் பெரிய வைத்தியர்கள் கைவிட்ட என் கணவரைத் தான் ஒரே வாரத்தில் எழுப்பி நடத்தியிருக்கிறார். இப்படியே விட்டால் வருகிற வருசம் அவரை வைத்தியராகவே ஆக்கிவிடுவார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நானும் அவரும் காணி விசயங்கள் பார்க்கும் ஒரு கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வந்த முதல் நாளே என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டார், நானும் அண்ணன் முறைக்கு "நானா" என்றேன், அன்றிலிருந்து அப்படியே. ஒருநாளும் நேரத்துக்கு வரமாட்டார். அந்தக் காலத்தில் கிண்ணியாவிலிருந்து வருபவர்கள் பாதையில்தான் வரவேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். "பாதை பிந்திப் போச்சு தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே வந்து கதிரையில் இருப்பார். யாரும் மறுத்துப் பேச முடியாது. பிறகு பாலம் கட்டினார்கள். திறந்த அடுத்த நாள் கந்தோரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் பிந்தி வந்து, குடையை மேசைக் கரையில் கொழுவிவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "பாலம் பிந்திப் போச்சு," என்றார். மேலதிகாரியும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்ய!

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கோப்பில் எவ்வளவு விளக்கமாக எழுதியிருந்தாலும், படம் எவ்வளவு அழகாகக் கீறியிருந்தாலும், அந்த இடத்தில் போய் நிற்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "நிண்டு பாத்தாத்தான் தெரியும்," என்பார். ஒருமுறை கட்டைபறிச்சானில் வேலிச் சண்டை பிடித்துக்கொண்ட இரண்டு குடும்பத்துக்கு நடுவில், யார் பக்கமும் சாயாமல், வேலி வரவேண்டும் என்று அவர்கள் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் தானே குடையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கம்புபோல நின்று காட்டினார். மத்தியான வெயில். கடைசியில் அந்த வீட்டுப் பெண்கள் இருவரும், "ஐயோ, அந்த மனிசனை முதல்ல நிழலுக்குள்ள கூப்பிடுங்கோ, வேலி எங்கயெண்டாலும் வரட்டும்," என்று விட்டுக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது இது ஒரு விசர் வேலையாகத்தான் பட்டது.

நாங்கள் ஓய்வுபெற்ற பிறகு என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். வாழ்நாள் முழுக்கக் கப்பல்களைக் கட்டியிழுத்துக் கரைசேர்த்த மனிதருக்கு வலது காலும் கையும் சொல்வழி கேட்காமல் போயின. கப்பல்துறையிலிருந்த வீட்டை விட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று உவர்மலைச் சரிவில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். மேற்குப் பார்த்த வீடு. எதிர்ப்பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதற்குள்ளால் ஒரு முழத் துணியளவு துறைமுகக் கடல் தெரியும். கோதுமைக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ போனால் அந்த இடைவெளிக்குள் முதலில் மூக்குத் தெரியும், பிறகு வயிறு, பிறகு வால். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக இவர் காலையிலிருந்து பொழுதுபடும்வரை முற்றத்தில் ஒரே இடத்தில் கதிரையைப் போட்டு இருந்தார்.

பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கும். விறாந்தைக்குள் வாருங்கோ என்றால் வரமாட்டார், அங்கிருந்து கடல் தெரியாது. நிழலுக்குப் பச்சை வலை கட்டினேன். "கூட்டுக்குள்ள கோழி மாதிரி என்னை வைக்கப் போறீரோ?" என்று சத்தம் போட்டார். கழற்றினேன். நடக்கப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் காட்டிக்கொடுத்த பயிற்சி ஒன்றையும் செய்யவில்லை. "எங்க போறதுக்கு நடக்க?" என்று கேட்பார். வெயிலில் கறுத்து, வாய் பேசாமல், கதிரையோடு கதிரையாகிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை அந்தக் கதிரையிலேயே பறிகொடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. ரவூப் நானாவிடம் மட்டும், "முன்னுக்கு ஒரு சின்ன மரம் வைக்கவேணும் நானா," என்றேன்.

மரம் என்ற கதை வெளியே வந்ததும் ஊரே யோசனை சொல்ல வந்துவிட்டது. என் தங்கை, வாசலில் மாதுளை நல்லது என்றாள். பக்கத்து வீட்டார் வேம்பு என்றார்கள். வேம்பு வளர்ந்தால் அந்த முற்றத்தில் நாங்கள் எங்கே நிற்பது? முருங்கை என்றார் ஒருவர். வாசலில் முருங்கை கூடாது என்று அவருடைய மனைவியே அவரை அடக்கினார். தேசிக்கு, அதுதான் எலுமிச்சைக்கு, முள். கொய்யா பந்தல்போலத் தாழ்ந்து கடலை மறைக்கும். எனக்குத் தலை வெடித்தது. நிழலும் வேண்டும், அந்த ஒரு முழக் கடலும் வேண்டும். இரண்டுக்கும் ஒரு மரம் எந்தக் கடையில் விற்கிறார்கள்?

ரவூப் நானாவுக்கு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை நான் அடித்துச் சொல்வேன். முருங்கையையும் அகத்தியையும் பூ வந்தால்தான் பிரித்தறிவார். ஆனால் மார்கழியில் மழை விட்டு வெயில் எறித்த ஒரு பின்னேரம், தன் பெரிய கறுப்புக் குடையை ஒரு நீள மூங்கில் தடியின் நுனியில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ்ஸில் எத்தனை பேருடைய கண்ணைக் குத்தினாரோ தெரியாது.

"மச்சான், நீங்க கதிரைல இரிங்க. நான்தான் மரம். எங்க நிண்டா நெழலும் வரும், கப்பலும் தெரியும் எண்டு நீங்க சொல்லுங்க," என்றார். நான் தங்கச்சி என்றால் என் கணவர் மச்சான்தானே. இவர் முதலில் முகத்தைத் திருப்பினார். நானா விடவில்லை. முற்றத்தின் நடுவில் போய்க் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எப்பிடி?"

"கப்பல் போற இடத்தில நீர்தான் நிக்கிறீர்," என்றார் இவர் எரிச்சலாக. அது அவர் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை.

"அப்ப இடப்பக்கம் வாறன். இப்ப?"

"கடல் தெரியுது. வெயில் காதில அடிக்குது."

"கொஞ்சம் முன்னுக்கு?"

"ஆ… இல்லை, கூடிப்போச்சு. பின்னுக்கு வாரும். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். நில்லும், நில்லும்!"

இழுவைப் படகில் நின்று கயிறு இழுக்கச் சொன்ன அதே குரல். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள், அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வந்தார். முற்றத்தில் மழையும் இல்லாமல் வானத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய மனிதரைப் பார்த்து, "என்ன நானா செய்றீங்க?" என்று கேட்டார். "பேச வேணாம், நான் மரம்," என்றார் நானா. மீன்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கூடுதலாக இரண்டு சூடைமீனைப் போட்டுவிட்டுப் போனார். பரிதாபப்பட்டிருக்கவேண்டும்.

நானா நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்தோம். என்ன மரம் என்பதையும் அவரே முடிவு செய்தார். ஜாம் மரம். அந்தக் குட்டிச் சிவப்புப் பழத்துக்குப் பிள்ளைகள் ஏறி விழுமே, அந்த மரம். எனக்கு விருப்பமில்லை. "வாய்க்கால் கரையில தன்பாட்டில முளைக்கிறதை ஆராவது நட்டு வளர்ப்பினமோ?" என்றேன்.

"தங்கச்சி, மாதுளை வளந்து நெழல் தாற நேரம் நானும் மச்சானும் எங்க இருப்பம் எண்டு ஆருக்குத் தெரியும்? இது ரெண்டு மாரி மழை கண்டாக் காணும். குடை மாதிரி விரியும்," என்றார். அடுத்த வியாழன் ஒரு பால்மாத் தகரத்தில் கன்றோடு வந்தார். மழை ஈரத்திலேயே நட்டோம். "மரம் வளருமட்டும் இது இஞ்ச நிக்கட்டும்," என்று சொல்லிக் குடையையும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மரம் அவர் சொன்னபடியே வளர்ந்தது. அடுத்த மாரி முடிந்து தை மாதம் பின்னேர நிழல் அச்சொட்டாகக் கதிரையில் விழுந்தது. கடலும் தெரிந்தது. நானாவுக்குத் தலைகால் தெரியவில்லை. பிரச்சினை பங்குனிக்குப் பிறகு தொடங்கியது. நிழல் மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. வைகாசி பிறந்து கச்சான் காற்று நெருப்பாக வீசத் தொடங்கிய நேரம் மரத்தின் நிழல் முழுக்க மதிலோரம் கிடந்தது. இவர் பழைய இடத்தில் பழைய வெயிலில் இருந்தார். மதில் மட்டும் குளிர்ந்துபோயிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! தொலைபேசியில் கூப்பிட்டு, "வந்து உங்கட மரத்தைப் பாருங்கோ," என்றேன். வந்தார். முற்றத்தில் நின்று மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். நாங்கள் மழைக்காலத்தில் நடுவதுதான் வழக்கம், அதனால் மார்கழி வெயிலுக்கு அளவு பார்த்துவிட்டோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து விழும், ஆனியில் வடக்கே சாய்ந்து விழும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கையில் எடுத்த ஒவ்வொரு காணிப் படத்திலும் வடக்கு எங்கே என்று அம்புக்குறி பார்த்தே காலம் தள்ளிய இரண்டு பேர் அதை மறந்துபோனோம்.

"சூரியன் பிந்திப் போச்சு தங்கச்சி," என்றார் நானா.

"வாயை மூடுங்கோ," என்றேன். என்றாலும் சிரித்துவிட்டேன். எவ்வளவுதான் கோபப்படுவது?

"மரத்த நகத்த ஏலாது. மச்சான நகத்தலாம்," என்றார் அவர். என் கணவர் இடது கையால் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் அசையமாட்டன்." நானா வற்புறுத்தவில்லை. உள்ளே போய் இன்னொரு கதிரையை எடுத்துவந்து மதிலோர நிழலில் போட்டுக்கொண்டு இருந்தார். சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். "அல்லாஹ், என்ன காத்து!" என்றார். ஒரு ஜாம் பழத்தைப் பறித்து வாயில் போட்டார். பிறகு கண்ணை மூடிக் குறட்டை விடத் தொடங்கினார். உண்மைக் குறட்டையோ பொய்க் குறட்டையோ எனக்கு இன்றுவரை தெரியாது. வெயிலில் இருந்தவர் அதை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? "இஞ்சாரும், கையைத் தாரும்," என்றார் என்னிடம்.

நிழலுக்குள் வந்து இருந்துவிட்டார். ஆனால் அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. இவர் கழுத்தை நீட்டினார், வளைத்தார். "என்ன கப்பல் எண்டு பாருங்கோ நானா," என்றார்.

"மரத்துக்குக் கண் இல்ல மச்சான்," என்றார் நானா, கண்ணைத் திறக்காமலே. "கப்பல் போயிரும். எழும்பிப் போய்ப் பாருங்க."

நான் ஓடிப்போகப் பார்த்தேன். நானா கையால் என்னை மறித்தார். இவர் மதிலைப் பிடித்து எழும்பினார். வலது காலை இழுத்து இழுத்து, திட்டிக்கொண்டே, பழைய இடம்வரை போனார். கப்பலின் வால் மட்டும்தான் கிடைத்தது. "சீமெந்துக் கப்பல்," என்று அங்கிருந்து அறிவித்தார். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் கெஞ்சியும் நடக்காத மனிதர்! நான் குசினிக்குப் போய் அழுதேன், பிறகு முகம் கழுவிக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்தேன்.

அதன்பிறகு அது நாளாந்த வேலையாகிவிட்டது. நிழலில் இருப்பார். கப்பல் ஊதினால் எழும்பிப் போவார். ஆவணி, புரட்டாதி என்று நிழல் திரும்பி வர, அதோடு சேர்ந்து தானே கதிரையை இழுத்துக்கொண்டு நகர்வார். மதிலைப் பிடித்து நடந்தவர் பொல்லுக்கு மாறினார். பிறகு கேற்றடிக்கு, பிறகு தெருமுனைக் கடைக்கு. வியாழக்கிழமைகளில் இரண்டு பேரும் நிழலில் இருந்து கதைக்கும் கதைக்கு முடிவே இல்லை. கப்பல், கந்தோர், யாருடைய மருமகள் எப்படி, எல்லாம் வரும். வௌவாலுக்கு முந்திப் பழம் பறிப்பதில் இருவருக்கும் போட்டி வேறு. எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோசமான காலம் முன்பு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஒருநாள் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ நானா. நிழல் மாறும் எண்டு தெரிஞ்சுதானே அந்த இடத்தில வைச்சனீங்கள்?" அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். "ஓம் எண்டு சொன்னா நம்புவீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் கேக்கிறீங்க?" என்று சிரித்தார். இதுதான் நடந்த கதை. அவர் வைத்தியரும் இல்லை, மரம் தெரிந்தவரும் இல்லை. வெயிலில் நமக்காக வந்து நிற்கக்கூடிய ஒரு மனிதர். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அதுதான். ஒருவருக்கு யோசனை சொல்ல முன்னம் அவருடைய முற்றத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்க்கவேண்டும் என்ற எண்ணம். வாய் முந்திய எனக்கு அது இலேசில் வராது. ஆனாலும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நானா போய் ஒரு மாதம்கூட இருக்காது. போன கிழமை எதிர்வீட்டு சாந்தி கேற்றடிக்கு வந்தாள். புதிதாகக் குடிவந்த பெண், கைக்குழந்தைக்காரி. "அக்கா, முன்னுக்கு ஒரு சின்ன மரம் வைப்பம் எண்டு பாக்கிறம். பிள்ளையை வைச்சிருக்க நிழல் இல்லை. என்ன மரம் நல்லது?" என்று கேட்டாள். நான் தெருவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். அவளுடைய முற்றம் அந்த இடைவெளியோடு ஒட்டியது. அதில் மரம் வந்தால் எங்கள் ஒரு முழக் கடலும் போச்சு. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, பிள்ளைக்கு நிழல் வேண்டாமோ? நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து இவருடைய குரல் கேட்டது.

"இஞ்சாரும், நானாட குடையை எடும்."

மூங்கில் தடியோடு எடுத்துக் கொடுத்தேன். "நீர் என்ரை கதிரையில இரும்," என்றார். ஒரு கையில் பொல்லு, மறுகை தடியைத் தோளில் சார்த்திப் பிடித்திருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாகத் தெருவைக் கடந்து எதிர்வீட்டு முற்றத்துக்குள் போனார். பொல்லை மதிலில் சார்த்திவிட்டு இடது கையால் குடையை உயர்த்தினார். அந்த வலது காலில் அவர் அப்படிப் பாரம் கொடுத்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சாந்தி பிள்ளையை வைத்துக்கொண்டு படியில் இருந்தாள். இவர் முன்னுக்கு வந்தார், பின்னுக்குப் போனார். "பிள்ளையின்ர முகத்தில வெயில் படுதோ? இப்ப?" என்று அவளிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"புவனா, அங்கயிருந்து கப்பல் தெரியுதோ?"

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. கண் கலங்கியதில் எனக்குக் கப்பலும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற அந்த மனிதர் மட்டும்தான் தெரிந்தார்.

"தெரியுது, தெரியுது," என்றேன்.

"இதோட முடியேல்லை பிள்ளை," என்று அவர் சாந்திக்குச் சொல்வது கேட்டது. "சூரியன் மாறும். ஆனியிலயும் ஒருக்கா நான் வந்து நிக்கவேணும்."